சிவப்பு டேக் கட்டிய வில்

ஒரகடத்தில் எங்கள் கம்பெனி எனக்குச் சம்பளம் கொடுப்பதே, செய்து வந்த பீஸைப் பார்த்து ‘இது வேண்டாம்’ என்று சொல்வதற்குத்தான். கார்களுக்குப் போகும் பிரேக் பாகங்கள் லைனிலிருந்து தட்டுத் தட்டாக வரும். ஏசிக் குளிரில் சால்வையைப் போர்த்திக்கொண்டு ஒவ்வொன்றாக அளப்பேன். டிராயிங்கில் குறித்த அளவுப்படி இருந்தால் பச்சை டேக், இல்லையென்றால் சிவப்பு டேக். சிவப்பு டேக் கட்டிய பீஸ் பூட்டுப் போட்ட பெட்டிக்குள் போய்விடும். அதை வெளியே எடுக்க மேனேஜரே வந்து நின்றாலும் டேக்கின் பின்பக்கத்தை நிரப்பியாக வேண்டும். அங்கே மூன்று கட்டங்கள் இருக்கும்: உடைத்துப் போடு, திருத்து, உள்ளபடியே உபயோகி. மூன்றாவது கட்டத்தில் டிக் அடிக்க வேண்டுமென்றால் அந்த பீஸை வாங்கிப் பயன்படுத்துகிற கஸ்டமரே கையெழுத்துப் போட வேண்டும். அது லேசில் நடக்காது. நான் வருவதைப் பார்த்தால் லைனில் பையன்கள் பேச்சைக் குறைத்துக்கொள்வார்கள். அதில் எனக்கு வருத்தம் எதுவும் இல்லை, உண்மையைச் சொன்னால் கொஞ்சம் பெருமைதான்.

இப்படிப்பட்டவளுக்கு காம்பவுண்டு வில் பிடித்துப்போனதில் ஆச்சரியம் இல்லை. தண்டலத்தில் ஒரு காலேஜ் மைதானத்தின் ஓரத்தில் ஞாயிற்றுக்கிழமை காலையில் வில் பழகுகிறார்கள் என்று கேள்விப்பட்டு வேடிக்கை பார்க்கத்தான் போனேன். அங்கே ஒருவர் வைத்திருந்தது நான் கோயில் சிற்பத்தில் பார்த்த வில்லே இல்லை. இரண்டு முனையிலும் கப்பி, நடுவில் அலுமினியம், சின்ன லென்ஸ், அந்த லென்ஸுக்குக் கீழே ரசமட்டம், நாணிலேயே கண் வைத்துப் பார்க்க ஓர் ஓட்டை. நாணை விரலால்கூடப் பிடிப்பதில்லை, கொக்கி போட்ட ஒரு கருவியால் பிடித்து, கட்டைவிரலால் அதன் பட்டனை அமுக்கினால் அம்பு போகும். முழுதாக இழுத்துவிட்டால் பாரத்தில் பெரும்பகுதியைக் கப்பிகளே தாங்கிக்கொள்ளும். எல்லாவற்றுக்கும் திருகு, எல்லாவற்றிலும் கோடு போட்ட அளவு. எனக்காகவே செய்த சாமான் போல இருந்தது. அடுத்த தீபாவளி போனஸ் அதில்தான் போனது.

என் முதல் அம்பை நான் கணக்கில் வைத்ததே கிடையாது. இதுவும் கம்பெனிப் பழக்கம். ஷிப்ட் தொடங்கியதும் மிஷினிலிருந்து வரும் முதல் பீஸ் விற்பதற்கில்லை. அதை அளந்து, மிஷினைச் சரிசெய்து, பிறகு தூக்கிப் போட்டுவிடுவோம். அதே மாதிரி முதல் அம்பைச் செட்டிங்குக்காக விடுவேன். அது எங்கே குத்தியிருக்கிறது என்று பார்த்து லென்ஸை ஒரு கோடு மேலே, அரைக் கோடு வலது பக்கம் என்று திருகுவேன். அதற்குப் பிறகு விடுவதுதான் அம்பு. சில வருஷம் இது அருமையாக ஓடியது. மாவட்ட அளவில் ஒரு வெண்கலப் பதக்கம்கூட வாங்கினேன், டிவிக்குப் பக்கத்தில் தொங்குகிறது.

என் வீட்டுக்காரர் கம்பெனி பஸ் ஓட்டுகிறவர், வல்லம் வடகால் எஸ்டேட்டில் இருக்கிற வேறொரு கம்பெனிக்கு. ஏ ஷிப்ட் ஆட்களை ஏற்ற விடிவதற்கு முன்பே கிளம்பிவிடுவார். நான் ஜெனரல் ஷிப்ட் முடித்து ஸ்ரீபெரும்புதூர் வந்து சேரும்போது அவர் பி ஷிப்ட் ஆட்களைத் திரும்பக் கொண்டுவிட எஸ்டேட்டிலேயே காத்திருப்பார். இரண்டு பேரும் விழித்துக்கொண்டு ஒரே வீட்டில் இருப்பது ஞாயிறு மட்டும்தான். அந்த ஞாயிறு காலையையும் நான் வில்லுக்கு எடுத்துக்கொண்டேன். அவர் ஒரு வார்த்தை சொன்னதில்லை. பைக்கில் மைதானத்துக்குக் கூட்டிவந்து, வேப்பமரத்தடியில் துண்டை விரித்துப் படுத்துக்கொள்வார். பஸ் டிரைவருக்கு எங்கே வேண்டுமானாலும் தூக்கம் வரும்.

பிறகு என் கட்டைவிரல் கெட்டுப்போனது. விரலுக்கு ஒன்றும் ஆகவில்லை, எனக்குத்தான் ஏதோ ஆனது. லென்ஸில் உள்ள புள்ளி இலக்கின் நடுவிலுள்ள மஞ்சள் வட்டத்தை நெருங்குவதற்குள்ளேயே விரல் பட்டனை அமுக்கிவிடும். அமுக்கக் கூடாது என்று கட்டுப்படுத்தினால் புள்ளி மஞ்சளில் போய் அழகாக நிற்கும், விரல் மரக்கட்டையாகிவிடும். கை ஓயும்வரை இழுத்துப் பிடித்துவிட்டு, அம்பை விடாமலே இறக்குவேன். மைதானத்தில் இருந்தவர்கள் இதற்கு டார்கெட் பேனிக் என்று பேர் இருப்பதாகவும், நன்றாக விடுகிறவர்கள் பலருக்கும் வருவதுதான் என்றும் சொன்னார்கள். பலருக்கும் வருவது எனக்கு வந்தால் அது எப்படி ஆறுதலாகும் என்று தெரியவில்லை. லென்ஸை மாற்றினேன், கருவியை மாற்றினேன், மூச்சுப் பயிற்சி செய்தேன். ஒன்றும் நடக்கவில்லை.

இது வெறும் விளையாட்டுதானே என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். திங்கள் முதல் சனி வரை யாரோ செய்து கொண்டுவந்ததை நான் மறுத்துக்கொண்டே இருக்கிறேன். ஞாயிறு காலை அந்த இரண்டு மணி நேரம்தான் எனக்கென்று இருந்தது. அதிலும் இப்போது ஒவ்வொரு அம்புக்கும் எனக்கு நானே சிவப்பு டேக் கட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். மழைக்காலத்தில் ஒரு ஞாயிறு, திரும்பும் வழியில் டீக்கடையில் நின்றோம்.

“இன்னா, மூஞ்சி ஒரு மாரி கீது?” என்றார்.

“ஒண்ணுமில்ல.”

“ஒண்ணுமில்லன்னா டீயக் குடி. ஆறிக்கினு கீது பாரு.”

“நான் இத்த வுட்டுடலாம்னு பாக்கறேன்.”

“டீயவா?”

“வில்ல.”

அவர் தன் டீயை முழுக்கக் குடித்து முடித்தார். “வுட்டுட்டு இன்னா பண்ணுவ?”

“வூட்ல இருப்பேன்.”

“வூட்ல இருந்தா எத்தயெல்லாம் அளப்பியோ. வாணாம் தாயி.”

சிரிப்பு வந்தது, ஆனால் நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. கடைசியாக ஒன்று மட்டும் செய்து பார்க்கலாம் என்று நினைத்திருந்தேன். லென்ஸும் பட்டனும் இல்லாத வில்லுக்கு மாறினால் சிலருக்கு இது சரியாகிறது என்று மைதானத்தில் ஒருவர் சொல்லியிருந்தார். மரமும் நாணும் மூன்று விரலும் மட்டும். பொங்கல் வரைக்கும் அதை முயன்று பார்ப்பது, அதிலும் கை வரவில்லையென்றால் வில் பெட்டியோடு எல்லாவற்றையும் யாருக்காவது கொடுத்துவிட்டு நிறுத்திவிடுவது. அவரிடம் அப்படியே சொன்னேன். அவர் தலையாட்டிவிட்டு பைக்கை எடுத்தார்.

சுங்குவார்சத்திரத்தில் ஒரு தம்பி வில் செய்கிறான். தென்காசிப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்தவன், ஒரு கம்பெனியில் டூல் ரூமில் இருக்கிறான், ஷிப்ட் இல்லாத நேரத்தில் வாடகைக்கு எடுத்த ஷெட்டில் வில். போனதும் என் தோளையும் கையையும் பார்த்துவிட்டு என்ன வில் வைத்திருக்கிறேன் என்று கேட்டான். சொன்னேன்.

“அக்கா, காம்பவுண்டுல நாப்பத்தஞ்சு பவுண்டு இழுக்கேன்னு சொல்லுதிய. ஆனா முழுசா இழுத்து நிக்கையில கையில நிக்கது பத்துப் பவுண்டுதான் இருக்கும். இதுல அப்படிக் கிடையாது. இழுக்க இழுக்க கனம் ஏறிக்கிட்டேதான் போகும். உங்களுக்கு முப்பது போதும்.”

நான் குறைந்தது நாற்பது பவுண்டாவது வேண்டும் என்று சொல்ல நினைத்துத்தான் வந்திருந்தேன். ஒரு நாற்பது பவுண்டு வில்லை இழுத்துப் பார்த்தேன், முகவாய் வரை வரவில்லை. முப்பதுக்கு ஒத்துக்கொண்டேன்.

முப்பது பவுண்டில் மூன்று வில்லை எடுத்து மேஜைமேல் வைத்தான். ஒன்று மூன்று துண்டாகக் கழற்றி மாட்டுவது, கைப்பிடியில் திருகு மாட்ட ஓட்டைகள் இருந்தன. இன்னொன்று ஃபைபரில் அச்சில் வார்த்தது, குதிரைமேல் உட்கார்ந்து விடுகிறவர்கள் வைத்திருப்பது போலக் குட்டையாக, இரு முனையும் வெளிப்பக்கம் வளைந்து இருந்தது. மூன்றாவது மூங்கில் பட்டைகளை ஒட்டி அவன் கையால் இழைத்தது, நீளமானது, என் உயரத்துக்கு மேலேயே நின்றது. என் வீட்டுக்காரர் முதல் வில்லின் ஓட்டையில் சுண்டுவிரலை விட்டுப் பார்த்தார்.

“இது வாணாம்பா. இந்த ஓட்டையப் பாத்தா வூட்டுக்குப் போறதுக்குள்ள அதுல இன்னாத்தையாச்சும் மாட்டிடும்.”

என்னைத்தான் சொன்னார். கோபம் வந்தது, ஆனால் உண்மையில் அந்த ஓட்டைக்கு எந்த லென்ஸ் சேரும் என்று நான் அதற்குள் யோசித்து முடித்திருந்தேன்.

“மத்த ரெண்டையும் கொண்டு போங்க அண்ணாச்சி. பொங்கல் வரைக்கும் வச்சிருந்து பாருங்க. எது கைக்கு ஒத்து வருதோ அதை வச்சுக்கிடுங்க,” என்றான் அந்தத் தம்பி. இரண்டு வில்லையும் செங்குத்தாகப் பிடித்துக்கொண்டு பைக்கின் பின்னால் உட்கார்ந்து வந்தேன். சிக்னலில் நின்ற ஒரு போலீஸ்காரர் எங்களை மேலும் கீழும் பார்த்துவிட்டுப் போகச் சொன்னார்.

எது கைக்கு ஒத்து வருகிறது என்று கையை வைத்துப் பார்ப்பவள் நான் இல்லை. வீட்டுக்கு வந்ததும் அளந்தேன். கம்பெனிக்கு வில்லைக் கொண்டுபோனால் கேட்டிலேயே செக்யூரிட்டி நிறுத்திவிடுவார். வீட்டில் இருப்பதிலேயே சமமான தளம் அடுப்படிக் கருங்கல் மேடைதான். மிக்ஸியை இறக்கினேன், தோசை மாவுப் பாத்திரத்தை அவர் கையில் கொடுத்தேன்.

“இத்த எங்க வெக்கறது?”

“கொஞ்சம் புடிச்சுக்கினு இருங்க.”

நாண் ஏற்றிய வில்லை மேடைமேல் படுக்க வைத்து, ஸ்டீல் ஸ்கேலை நாணுக்கும் வில்லுக்கும் நடுவில் வைத்தேன். கைப்பிடி முடிகிற இடத்தில் மேல்பாதியில் ஓர் அளவு, கீழ்பாதியில் ஓர் அளவு. வில்லின் இரு பாதியும் ஒரே அளவு வளைந்திருந்தால் இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். ஃபைபர் வில்லில் ஒன்றாக இருந்தது, தலைமுடி அளவுகூட வித்தியாசம் இல்லை. மூங்கில் வில்லில் மேல்பாதி ஐந்து மில்லிமீட்டர் கூடுதல். நாணை இறக்கி மறுபடி ஏற்றி அளந்தேன், அதே ஐந்து. புரட்டிப் போட்டு அளந்தேன், அதே ஐந்து. மேல்பாதி அதிகம் வளைகிறது, கீழ்பாதி விறைப்பாக நிற்கிறது. முடியளவு வித்தியாசத்துக்கே சிவப்பு டேக் கட்டுகிற எங்கள் அறையில் ஐந்து மில்லிமீட்டர் என்றால் கைகலப்புதான்.

அச்சு சரியில்லாமல் ஒதுக்கிய பழைய டேக்குகள் சில என் கைப்பையில் எப்போதும் கிடக்கும், புத்தகத்தில் அடையாளம் வைப்பதற்கு. சிவப்பில் ஒன்றை எடுத்து, “மேல்பாதி கீழ்பாதி சமமில்லை” என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு மூங்கில் வில்லின் கழுத்தில் கட்டினேன்.

“முடிஞ்சுதா? மாவத் தூக்கிக்கினு நின்னு கை வலிக்குது,” என்றார். பிறகு அந்த வில்லைப் பார்த்தார். “இத்த இன்னா பண்ணப் போற?”

“பொங்கலுக்குத் திருப்பிக் குடுத்துடலாம்.”

“அதுவரைக்கும் நான் வெச்சுக்கறேன். மரத்தடில எவ்ளோ நேரம்தான் படுத்துக்கினு கெடக்கறது.”

“உங்களுக்கு வுடத் தெரியுமா?”

“தெரியாது. அதான் ரிஜெக்ட் ஆயிடுச்சே, நான் வுட்டு இன்னா ஆவப் போவுது.”

அடுத்த சில ஞாயிறுகளில் மைதானத்தில் நாங்கள் இரண்டு பேரும் விட்டோம். நான் பாஸ் ஆன ஃபைபர் வில்லோடு எல்லாரும் நின்று விடுகிற கோட்டில் நின்றேன். அவர் ஓரமாக, பழைய சாக்குகளை அடைத்த ஒரு மூட்டைக்கு எதிரே, பத்தடி தள்ளி நின்றார். முதல் ஞாயிறு எனக்கு நன்றாகவே போனது. அம்பு கண்ட இடத்துக்குப் போனாலும் கை லேசாக இருந்தது. தோலுறை மாட்டிய மூன்று விரலால் நாணை இழுத்து, இலக்கை மட்டும் பார்த்துவிட்டு, விரலைத் திறந்துவிட்டால் போதும். திரும்பும்போது பைக்கில் நான் பாட்டு முணுமுணுத்ததாக அவர் பிறகு சொன்னார்.

அதோடு விட்டிருக்கலாம். வீட்டில் உட்கார்ந்து யோசித்து, வில்லின் உள்பக்கத்தில் ஒரு மெல்லிய டேப்பை ஒட்டினேன், அம்பு எவ்வளவு உயரத்தில் இருக்க வேண்டும் என்று தெரிவதற்காக. அடுத்த வாரம் நாணில் ஒரு நூலைச் சுற்றினேன், முகவாயில் எங்கே வந்து தொட வேண்டும் என்பதற்காக. அதற்கடுத்த வாரம் டேப்புக்குக் கீழே இன்னொரு டேப். மார்கழி பிறப்பதற்குள் ஓட்டை இல்லாத வில்லிலேயே டேப்பாலும் நூலாலும் ஒரு லென்ஸை நான் கட்டி முடித்திருந்தேன். டேப்பின் நுனி மஞ்சளில் போய் நின்றதும் மூன்று விரலும் நாணைப் பிடித்துக்கொண்டு திறக்க மறுத்தன. முன்பு ஒரு விரல்தான் அடம்பிடித்தது, இப்போது மூன்று.

அவருடைய மூட்டைப் பக்கம் சத்தமாக இருந்தது. அங்கே பழகுகிறவர்கள் இரண்டு பேர் அவரோடு சிரித்துக்கொண்டிருந்தார்கள். வில்லின் கழுத்தில் சிவப்பு டேக் அப்படியே ஆடிக்கொண்டிருந்தது. “கழட்டுங்களேன், கண்ணுல படுது,” என்று ஒருமுறை சொன்னேன். “நீ கட்டினது, நான் எப்டிக் கழட்டுவேன்? ரூல் தெரியாதா எனக்கு?” என்றார். அவருடைய அம்புகள் எல்லாம் இலக்குக்கு இடதுபக்கம் ஒரு கையகலத்தில் கூட்டமாகக் குத்தியிருந்தன. எல்லாம் தப்பு, ஆனால் எல்லாம் ஒரே இடத்தில், அப்படியென்றால் காரணமும் ஒன்றுதான். வேறு யாருடைய பீஸாக இருந்தாலும் இதை நான் நின்று பார்த்திருப்பேன். அன்று என் கவலை எனக்கு.

மார்கழியில் ஒரு காலை. பனி விலகவில்லை. மூன்று முறை இழுத்து மூன்று முறையும் விடாமல் இறக்கினேன். நான்காவது முறை விரல் தானாக வெட்டி இழுத்துக்கொண்டது, அம்பு இலக்கைத் தாண்டிப் புல்லில் போய் விழுந்தது. கோட்டில் நின்றவர்கள் மரியாதையாக வேறு பக்கம் பார்த்தார்கள். அந்த மரியாதைதான் தாங்கவில்லை. போய் அம்பை எடுத்துக்கொண்டு வந்தேன், விரலிலிருந்த தோலுறையைக் கழற்றினேன், எல்லாவற்றையும் பெட்டியில் வைத்து மூடினேன். அவருடைய வேப்பமரத்தடியில் போய் உட்கார்ந்தேன். பொங்கல்வரை காத்திருக்கத் தேவையில்லை என்று தோன்றியது. அழுகை வந்தது, அழவில்லை, மூக்கை மட்டும் துடைத்துக்கொண்டேன்.

கொஞ்ச நேரத்தில் அவர் வந்து நின்றார், கையில் வில்லும் ஓர் அம்பும்.

“ஏய், கொஞ்சம் வந்து பாரேன். எல்லாம் எடதுபக்கமாவே போவுது. ஏன்னு தெரியல.”

“வேற யாரையாச்சும் கேளுங்க.”

“அவங்கல்லாம் ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க. நீ சொன்னா கரீட்டா இருக்கும்.”

எரிச்சலோடு எழுந்தேன். தப்பைக் கண்டுபிடிக்கச் சொன்னால் நான் எந்த நிலையிலும் எழுந்துவிடுவேன். அவரை விடச் சொல்லிப் பார்த்தேன். நிற்பது தப்பு, தோள் தப்பு, விடும்போது கையைத் தூக்குவது தப்பு. வாயால் சொன்னால் ஏறாது என்று வில்லை வாங்கினேன். பெட்டியைத் திறக்கச் சோம்பல், தோலுறை இல்லாமல் வெறும் விரலாலேயே அம்பைக் கோத்து நாணைப் பிடித்தேன்.

“காலு இப்டி இருக்கணும். தோள எறக்குங்க. இழுக்கறப்ப கை முட்டி அம்புக்கு நேரா பின்னாடி வரணும். நீங்க இன்னா பண்றீங்கன்னா, வுடும்போது கைய வெளிய—”

மூட்டையில் பொத்தென்று சத்தம் கேட்டது. என் கையில் அம்பு இல்லை. விட்டது நான்தான், விட்டதே எனக்குத் தெரியவில்லை. மூட்டையில் வட்டம் வரைந்திருந்த இடத்துக்குள்ளே அது நின்றது. நான் சொல்லவந்த வாக்கியம் பாதியில் நின்றுபோனது.

அவர் கீழே இருந்து இன்னோர் அம்பை எடுத்து நீட்டினார். விட்டேன். இன்னொன்றை நீட்டினார். அதையும் விட்டேன். விரல் ஒட்டவில்லை. பிறகு வில்லோடு கோட்டுக்குப் போய் நின்று, பெரிய இலக்கைப் பார்த்து விட்டேன். மஞ்சளில் ஒன்றும் விழவில்லை, அதைச் சுற்றியிருந்த சிவப்பிலும் நீலத்திலும் சிதறிக் கிடந்தன. ஆனால் ஒவ்வொரு அம்பும் போக வேண்டிய நேரத்தில் போனது. அந்தச் சிதறலைப் பார்த்துக்கொண்டு நின்றபோது உடம்பெல்லாம் சந்தோஷமாக இருந்தது.

ஏன் என்று பிறகு யோசித்தேன். இந்த வில்லில் நான் டேப் ஒட்டவில்லை, நூல் சுற்றவில்லை. அடுப்படி மேடையிலேயே இதற்குத் தீர்ப்புச் சொல்லி முடித்துவிட்டேன். ஏற்கெனவே தோற்றுப்போன வில்லிடம் இனி எதை எதிர்பார்ப்பது? அதனால் என் கையும் எதையும் எதிர்பார்க்காமல் இருந்தது. இப்படித்தான் எனக்குப் புரிந்தது.

ஆனால் அந்த ஐந்து மில்லிமீட்டர் மனசை அரித்தது. வீட்டுக்கு வந்ததும் சுங்குவார்சத்திரத்துத் தம்பிக்குப் போன் செய்தேன்.

“தம்பி, உன் மூங்கில் வில்லுல மேல்பாதி அஞ்சு மில்லிமீட்டர் அதிகம் கீது. தெரியுமா?”

“தெரியும்க்கா. நான்தான வச்சேன்.”

“வெச்சியா?”

“ஆமா. வில்லோட நடுவுல அம்பு இருக்க முடியாதுல்லா. கை நடுவுல இருக்கும், அம்பு கைக்கு மேல இருக்கும். நீங்க ஒரு விரல் அம்புக்கு மேல, ரெண்டு விரல் கீழ வச்சு இழுக்கிய. ரெண்டு பாதியும் சும்மா இருக்கையில சமமா இருந்தா, இழுக்கையில கீழ்பாதிக்குப் பாரம் கூடிரும். அதுக்குத்தான் கீழ்பாதியக் கொஞ்சம் விறைப்பா விடுதது. இழுத்துப் பிடிச்சு நிக்கையில ரெண்டும் சமமா வந்துரும்.”

நான் அளந்தது படுத்திருந்த வில்லை. அவன் செய்தது ஆள் பிடித்து இழுக்கும் வில்லை.

“இத்த நீ டிராயிங்ல எழுதியிருக்கணும் தம்பி,” என்றேன்.

“டிராயிங்கா? நீங்க ரெண்டு அம்பு விட்டுப் பாப்பியன்னுல்லா நெனைச்சேன். ஸ்கேல் வச்சுப் பாத்தியளாக்கும்?” சிரித்தான். நானும் சிரித்தேன். டிராயிங் இல்லாமல் சாமானை அனுப்பினால் தப்பு அனுப்பியவன் பக்கம்தான், இதை நான் இன்றைக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

போனை வைத்த பிறகுதான் வேறொரு சிக்கல் தெரிந்தது. அந்த வில் இப்போது அவருடையது. தனக்கென்று எதையும் வாங்கிக்கொள்ளாத மனுஷன். துணிக்கடையில் நிறுத்தினால்கூட இருக்கிற சட்டையே போதும் என்பவர். நான் வேண்டாம் என்று தள்ளியதை எடுத்து வைத்துக்கொண்டு, வாரம் முழுக்க ஞாயிறு எப்போது வரும் என்று கேட்டுக்கொண்டிருந்தார். நான் வில் விடுவதை நிறுத்தாமல் இருக்க வேண்டுமென்றால் எனக்கு அந்த வில் வேண்டும். அவரிடமிருந்து அதை எப்படி வாங்குவது? இன்னொன்று செய்து தரச் சொல்லலாம், ஆனால் மூங்கில் காய்ந்து கைக்கு வரவே மாசக்கணக்கில் ஆகும் என்று அந்தத் தம்பி சொல்லியிருந்தான். பொங்கல் பக்கத்தில் வந்துவிட்டது.

போகிக்கு முந்தின ஞாயிறு சாப்பிட்டு முடித்ததும் கேட்டுவிட்டேன்.

“எனக்கு அந்த வில்லு வோணும்.”

“எது, ரிஜெக்ட் ஆனதா?” முகத்தை நேராக வைத்துக்கொண்டு கேட்டார். “அது எப்டி முடியும்? டேக் கட்டியாச்சே. மேனேஜரே வந்தாலும் எடுக்க முடியாதுன்னு நீதான சொல்லுவ.”

ஆணியில் மாட்டியிருந்த வில்லைக் கொண்டுவந்து கருங்கல் மேடைமேல் படுக்க வைத்தார். இந்த முறை மிக்ஸியை அவரே நகர்த்தினார். டேக்கைத் திருப்பிப் பின்பக்கத்தைக் காட்டினார். ஒவ்வொரு ஞாயிறும் அதை வில்லின் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டே அம்பு விட்டதில் ஓரமெல்லாம் நைந்திருந்தது. நான் பேனாவை எடுத்து மூன்றாவது கட்டத்தில், உள்ளபடியே உபயோகி என்பதற்கு எதிரே, டிக் அடித்தேன்.

“கஸ்டமர் கையெழுத்துப் போடணும் இல்ல?” என்றார்.

“கஸ்டமர் யாரு?”

“இத்தினி நாளா யூஸ் பண்ணவன் யாரு?” பேனாவை வாங்கிக்கொண்டார். ஆனால் உடனே போடவில்லை. “ஒரு கண்டிஷன் கீது. வில்லு ஒண்ணுதான், ரெண்டு பேரும் மாத்தி மாத்தி வுடுவோம். மொத அம்பு என்து.”

“மொத அம்பு வீணா போறது. அது செட்டிங்குக்கு.”

“உன்துதான் செட்டிங்குக்கு. என்து அம்பு.”

ஒத்துக்கொண்டேன். பஸ் டிரிப் ஷீட்டில் போடுகிற அதே கோணல் கையெழுத்தை அந்தச் சின்னக் கோட்டுக்குமேல் போட்டார். போட்டு முடிக்கும்போது எனக்கு ஒன்று நினைவுக்கு வந்தது.

“அன்னிக்கி எடதுபக்கமா போவுதுன்னு கேட்டீங்களே. நான் சொன்ன மாரி இப்பகூட நீங்க நிக்கறதில்ல. எடதுபக்கமாவேதான் போவுது. அப்புறம் இன்னாத்துக்குக் கேட்டீங்க?”

அவர் மிக்ஸியைத் திரும்பத் தன் இடத்தில் வைத்துக்கொண்டிருந்தார்.

“எடதுபக்கமா போனா எனக்கு இன்னா. நீ பொட்டிய மூடிட்டு அங்க குந்திக்கினு இருந்தியே, அதுக்குத்தான்.”

மாவுப் பாத்திரம் எங்கே என்று கேட்டேன், அது பிரிட்ஜில்தான் இருந்தது.

அந்தப் பொங்கல் போய், இப்போது ஆடி வந்துவிட்டது. ஃபைபர் வில்லைத் தம்பியிடம் திருப்பிக் கொடுத்தோம். காம்பவுண்டு வில் பீரோ மேலே தூங்குகிறது, அதன்மேல் எனக்குக் கோபம் இல்லை. மூங்கில் வில் வாசல் கதவுக்குப் பின்னால் ஆணியில் மாட்டியிருக்கிறது, சிவப்பு டேக்கைக் கழற்றச் சொல்லி இப்போது நான் கேட்பதில்லை. ஞாயிறு காலையில் தண்டலத்தில் முதல் அம்பை அவர் விடுகிறார். நான் கையில் ஒன்றும் இல்லாமல் அவருக்குப் பின்னால் நிற்கிறேன். தோள் ஏறியிருக்கிறது, கை வெளியே போகிறது, அம்பு இடதுபக்கமாகப் போய்க் குத்துகிறது. திரும்பி என்னைப் பார்க்கிறார். நான் எதையும் திருத்தாமல் என் முறைக்கு வில்லை வாங்கிக்கொள்கிறேன்.